பதினேழு ஸ்டிக்கர்

போன சனிக்கிழமை சாயங்காலம். ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறேன். போன் அடித்தது. டாக்டர்.

“அம்மா, நீங்க அனுப்பின போட்டோ எல்லாம் பார்த்தேன். புண் நாளுக்கு நாள் பெரிசாகிட்டே போகுது. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. தங்கற மாதிரி துணி எடுத்துக்கோங்க. கட்டை விரலை எடுக்க வேண்டி வரலாம்.”

“சரிங்க சார்” என்றேன்.

வேறு என்ன சொல்வது?

கட்டை விரல் என் வீட்டுக்காரருடையது. வலது கால். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஏழுமலையைத் தெரியும். கம்பெனி பஸ் டிரைவர். என்னைக் கிண்டல் பண்ணாமல் சோறு இறங்காது அவருக்கு. டிரைவருக்கு வலது கால்தான் பிரேக். வலது கால்தான் ஆக்சிலரேட்டர். அதில் கட்டை விரல் போனால்...?

கடைக்கார மேரி அக்கா உள்ளேயிருந்து கேட்டார். “இன்னாச்சி வசந்தா? மூஞ்சி ஏன் அப்படி ஆயிடிச்சி?”

“ஒண்ணும் இல்லக்கா.”

கேமராவையும் போட்டோ இருந்த கவரையும் வாங்கிக்கொண்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். எந்த பஸ் வந்தது, எப்படி ஏறினேன் — இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒரு மாதம் முன்னால், டூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றினார். உதறினார். ‘டிங்’ என்று ஒரு சத்தம். தரையில் ஒரு நட்டு உருண்டது. சின்ன நட்டு. சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லை. சாக்ஸ் முழுக்க ரத்தம்.

ஒரகடம் ரோட்டில் நாலு ட்ரிப் அடித்திருக்கிறார். நாள் முழுக்க அந்த நட்டு உள்ளேயே இருந்திருக்கிறது.

“வலிக்கலையா?” என்றேன்.

“இல்லியே.”

வலித்தது என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். வலிக்கவில்லை என்று சொன்னார். சர்க்கரை வந்து எட்டு வருஷம். கால் மரத்துப்போனது அவருக்கே தெரியவில்லை. எனக்குப் பயம் அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். காலுக்கென்று தனி டாக்டர் சென்னையிலிருந்து மாதம் ஒரு திங்கட்கிழமைதான் வருவார். நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. அவர் வந்து போன மறுநாள். எங்கள் நேரம் எப்போதும் அப்படித்தான்.

அங்கிருந்த சிஸ்டர் புண்ணைக் கழுவினார். கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சொன்னார் — “தினமும் கட்டு மாத்தும்போது ஒரு போட்டோ எடுங்க. ஒரே எடத்துல கால வெச்சி எடுங்க. பக்கத்துல ஒரு ரூபா காசு வெச்சிடுங்க, அளவு தெரியும். சார் வர்றதுக்கு முன்னாடி எனக்கு மெயில் பண்ணிடுங்க. புண்ணு சுருங்குதா, பெருசாவுதான்னு அத்த வெச்சித்தான் சார் முடிவு பண்ணுவாரு.”

போட்டோதானே? போன்தான் இருக்கிறதே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறது வல்லம் வடகாலில், ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். கேட்டில் நுழையும்போது செக்யூரிட்டி நம் போனை வாங்குவார். கேமரா கண் மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவார். அந்த ஸ்டிக்கரை உரித்தால் பசை மட்டும் கண்ணிலேயே நிற்கும். ஆறு வருஷமாக ஒட்டி, உரித்து, நகத்தால் சுரண்டி, ஒரு தடவை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து... என் போனில் எதை எடுத்தாலும் பனிக்காலத்து பைபாஸ் மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் அதில் எடுத்தேன். சிஸ்டரிடம் காட்டினேன்.

“இதுல காலு எதும்மா?” என்றார்.

வீட்டுக்காரர் போன் பட்டன் போன். அதில் கேமராவே கிடையாது. கேட்டில் க்யூ நிற்க வேண்டாம் என்று பஸ் டிரைவர்கள் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். புதுப் போன் வாங்க வழியில்லை. அவர் டூட்டிக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

மேரி அக்காவிடம் போனேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் அவர் கடையில் உண்டு. விஷயத்தைச் சொன்னேன். மேஜை டிராயரைத் துழாவினார். வெள்ளிக் கலரில் சோப்பு டப்பா சைஸுக்கு ஒரு கேமராவை எடுத்து வைத்தார்.

“இத்த எடுத்துக்கினு போ. பதினஞ்சு வருசம் இருக்கும். நான் இப்ப போன்லயே எடுத்துடறேன். சும்மாத்தான் கெடக்குது.”

சும்மா வாங்க எனக்குப் பிடிக்காது. ஐநூறு ரூபாய் கொடுத்தேன். முந்நூறை எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் திணித்தார்.

பட்டனை அமுக்கினால் ‘ஜ்ஜீக்’ என்று கண் வெளியே வரும். மூடினால் உள்ளே போகும். பின்னால் இருக்கிற சின்ன டிவியில் ஒரு கீறல். ரெண்டு பென்சில் செல் போட வேண்டும். கிட்டத்தில் எடுக்க வேண்டும் என்றால் பூப் படம் போட்ட பட்டனை அமுக்கணும் என்று சொல்லிக்கொடுத்தார். புண்ணை எடுக்க பூவை அமுக்கணும். யார் யோசித்த வேலையோ.

“உன் கேட் பாஸ் போட்டோவும் இதுலதான் எடுத்தேன். ஞாபகம் இருக்குதா?” என்றார் மேரி அக்கா.

கழுத்தில் தொங்கின பாஸைப் பார்த்தேன். யாரோ அடிக்க வருகிற மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறேன். வேலை கிடைத்த அன்றைக்கு எடுத்தது.

முதல் நாள். கட்டிலுக்கு முன்னால் ஒரு பலகை போட்டேன். கம்பெனியில் சரக்கு அடுக்கிக் கழித்துப் போட்ட பாலட் பலகை. அதன் மேல் காலை வைக்கச் சொன்னேன். கட்டைப் பிரித்தேன். கேமராவை எடுத்தேன். ஒரு ரூபாய் காசைக் கையில் எடுத்தேன்.

அவர் சிரித்தார். “இன்னாமே, காசு வெக்கணுமாமே? எங்க வெக்கப்போற? நெத்தியிலயா?”

என் கை அப்படியே நின்றுவிட்டது.

நம் வீடுகளில் நெற்றியில் காசு எப்போது வைப்போம்? கால் கட்டை விரல் ரெண்டையும் சேர்த்து எப்போது கட்டுவோம்? சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும். காசும் கட்டை விரலும் ஒரே படத்தில்... என்னால் முடியவில்லை.

“வாய வெச்சிகினு சும்மா இரு” என்றேன்.

காசைத் திரும்ப டப்பாவில் போட்டேன். அளவுக்கு வேறு என்ன வைப்பது? அன்றைக்கு ஒட்டின ஸ்டிக்கர் போனிலேயே இருந்தது. வட்டம். எல்லா நாளும் ஒரே அளவு. உரித்தேன். பலகையில், காலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பூவை அமுக்கி ஒரு படம் எடுத்தேன்.

மறுநாள் புது ஸ்டிக்கர். பழையதுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். மூன்றாம் நாள் மூன்று. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, படமும் கிடையாது. கட்டு மட்டும் மாற்றுவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் புண்ணைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கட்டைப் பிரிப்பேன், மருந்து வைப்பேன், ஆனால் கண் அதில் நிற்காது. கேமரா வந்த பிறகு வசதியாகிவிட்டது. அது பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் பெரிதாகத் தெரியும். ஒரு நாள் சின்னதாகத் தெரியும். தினமும் பார்க்கிற பொருள் வளருதா தேயுதா என்று யாருக்குத் தெரிகிறது?

இன்னொன்று. கேமராவைத் திறந்தால் தினமும் ஏதோ இங்கிலீஷில் கேட்கும். நாலைந்து எண் வரும். கீழே ஓகே என்று இருக்கும். ஓகே எனக்குப் படிக்கத் தெரியும். அமுக்கிவிடுவேன். அது போய்விடும்.

கேமரா வந்த மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, அன்றைய படத்தையும் எடுத்துவிட்டு கேமராவை மேரி அக்காவிடம் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் அவரே சிஸ்டருக்கு மெயில் அனுப்பினார். பிரிண்ட்டும் போட்டு வைத்தார். சாயங்காலம் வாங்கப் போனபோதுதான் டாக்டர் போன்.

வீட்டுக்கு வந்தேன்.

“டாக்டர் போன் பண்ணாரா? இன்னா சொன்னாரு?”

“திங்கக்கெழம வரச் சொன்னாரு.”

“அதான் வாரத்துக்கு முன்னாடியே தெரியுமே. இன்னா சொன்னாருன்னு கேட்டேன்.”

“வரச் சொன்னாரு.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். நான் ரெண்டு தடவை ஒரே பதிலைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்குக் கட்டைப் பிரித்தேன். கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. பெரிதாகத்தான் தெரிந்தது. நேற்றை விடப் பெரிது. சுற்றிலும் சிவப்பு கூடின மாதிரி. மேல் பாதம்கூட வீங்கின மாதிரி... டாக்டர் சொன்னது சரி. எனக்கு ஏன் இத்தனை நாள் தெரியவில்லை?

ஞாயிற்றுக்கிழமை பையில் துணி எடுத்து வைத்தேன். ரெண்டு கைலி, துண்டு, டம்ளர், தட்டு. அவர் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ படம். மலை ரோட்டில் ஒரு லாரி வளைந்து வளைந்து இறங்குகிறது. எதிரே ஒரு கார் வந்தது.

அவர் வலது கால் பலகையை அமுக்கியது. பிரேக்.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றினார்.

“சோறு ஆச்சா?” என்றார்.

“ஆச்சி.”

அவ்வளவுதான் பேசினோம் அன்றைக்கு. கிண்டல் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவர் கிண்டல் பண்ணாத வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. பாத்திரத்தையே ரெண்டு தடவை கழுவினேன்.

திங்கட்கிழமை காலை. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆதார் கார்டு, மருந்துச் சீட்டு எல்லாம் சரிபார்த்தேன். போட்டோ கவர். உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க அப்போதுதான் பிரித்தேன்.

ஒரு தாளில் ஆறு படம். மூன்று தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மேரி அக்கா பேனாவில் எண் போட்டிருந்தார். 1, 2, 3 என்று 17 வரைக்கும். நல்ல கையெழுத்து அவருக்கு.

புண்ணைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை ஓரமாகக் கொண்டுபோனேன். ஓரத்தில் ஸ்டிக்கர்.

ஒன்றாம் நம்பர் படத்தில் பலகை முழுக்க ஸ்டிக்கர். நெருக்கமாக, ரெண்டு வரிசை.

முதல் நாள் நான் ஒட்டினது ஒன்றுதானே?

கடைசித் தாளைத் திருப்பினேன். பதினேழாம் நம்பர். பலகை காலி. காலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர்.

கீழே உட்கார்ந்துவிட்டேன். எண்ணினேன். ஒன்றாம் நம்பரில் பதினேழு. ரெண்டாம் நம்பரில் பதினாறு. மூன்றில் பதினைந்து... திரும்ப எண்ணினேன். எனக்கு ஆசை இருக்கிறது, அதனால் அப்படித் தெரிகிறதோ என்று பயம். பலகையை இழுத்துப்போட்டுப் பார்த்தேன். முதலில் ஒட்டின ஸ்டிக்கரில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. பதினேழாம் நம்பர் படத்திலும் அதே கிழிசல்.

பிறகுதான் புண்ணைப் பார்த்தேன். நேராகப் பார்த்தேன். பதினேழாம் நம்பரில் புண்ணும் ஸ்டிக்கரும் ஒரே அளவு. ஒன்றாம் நம்பரில் புண் பாதி ஸ்டிக்கர்கூட இல்லை.

மேரி அக்காவுக்குப் போன் போட்டேன்.

“நான் இன்னா பண்ணேன், கம்ப்யூட்டர்ல எப்படி வந்துச்சோ அப்படியே போட்டேன். கடைசியா எடுத்த படம்தான் அதுல மேல நிக்கும்...” என்றவர் அப்படியே நிறுத்தினார். “ஐயோ ஏசப்பா! தலகீழாவா அனுப்பினேன்? நம்பர் வேற போட்டுட்டேனே! தேதியப் பார்த்து மாத்தலாம்னா, எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்தி எட்டுன்னு கீது. நான் சரியா வெச்சித்தானே குடுத்தேன்? பேட்டரியக் கழட்டினியா? கழட்டினா தேதி போயிடும். திரும்பப் போட்டா அது கேக்குமே?”

“கேட்டுச்சி.”

“நீ இன்னா பண்ண?”

“ஓகே அமுக்கினேன்.”

“சரி, பேட்டரிய யார் கழட்டினது?”

திரும்பிப் பார்த்தேன். அவர் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

“ரிமோட்டு செல் தீந்துபோச்சிமே. நீ டூட்டிக்குப் போனப்புறம் கேமராவுல கெடக்கறத எடுத்து ரிமோட்டுல போட்டு டிவி பார்ப்பேன். நீ வர்ற நேரத்துல திரும்ப அதுலயே வெச்சிடுவேன். திருட்டுத்தனம்லாம் இல்ல.”

மூன்று வாரம். தினமும்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, “கெளம்பு” என்றேன். துணிப் பையையும் எடுத்துக்கொண்டேன். நான் எண்ணினது தப்பாக இருந்தால்? டாக்டர் வேறு ஏதாவது கண்டுபிடித்தால்? பஸ்ஸில் போகும்போது தண்டலம் தாண்டுகிற வரைக்கும் கவரைப் பிரித்துப் பிரித்து எண்ணிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் இளவயசுக்காரர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். படத்தை நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. சிஸ்டரிடம் கத்தரிக்கோல் வாங்கி பதினேழு படத்தையும் தனித்தனியாக வெட்டினார். அவரே ஸ்டிக்கரை எண்ணி எண்ணி மேஜையில் வரிசையாக அடுக்கினார். கட்டைப் பிரித்தார். காலைப் பார்த்தார். கடைசிப் படத்தைப் பார்த்தார். திரும்பக் காலைப் பார்த்தார்.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

ஒரு ஊசியை எடுத்துக் காலில் அங்கங்கே தொட்டார். “தெரியுதா?”

“இல்ல சார்.”

“இங்க?”

“இல்ல சார்.”

“இங்க?”

“...லேசா.”

டாக்டர் நிமிர்ந்தார். “புண் ஆறிட்டு வருது. விரலை இப்போ தொட வேண்டாம். ஆனா முழுசா ஆறலை. இன்னும் மூணு வாரம் பஸ் கிடையாது. ஷூ போடறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுப் பாக்கணும். தினமும். போட்டோவும் தினமும்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஏம்மா, காசு வைக்கச் சொன்னோமே? இது என்ன ஸ்டிக்கர்?”

நான் மேஜையில் இருந்த படங்களை எடுத்துக் கவரில் போட ஆரம்பித்தேன்.

“அத்த நெத்தியில வெக்கறதுக்குப் பத்திரமா எடுத்து வெச்சிகினு கீறா சார்” என்றார் வீட்டுக்காரர்.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். வராண்டாவில் குடிதண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அதைத் திறந்து ரெண்டு கை தண்ணீர் குடித்தேன்.

நாலு நாளாக இதையே யோசிக்கிறேன். தப்பு யாருடையது? செல்லைக் கழற்றினவரா? தலைகீழாக அனுப்பின மேரி அக்காவா? ரெண்டு பேரும் தெரியாமல்தான் செய்தார்கள். ஓகே அமுக்கினது நான்.

எனக்கு அது பழக்கம். நம் ஏரியாவில் யாருக்குத்தான் இல்லை? வேலைக்குச் சேரும்போது இங்கிலீஷில் பத்துப் பக்கம் கொடுப்பார்கள். எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்போம். கான்ட்ராக்ட் மாறும்போது மறுபடியும் பத்துப் பக்கம். மறுபடியும் எங்கே கையெழுத்து. படிக்கத் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. இது என்ன என்று கேட்டால் உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் கையில் ஊறிப்போய்விட்டது. ஒரு சோப்பு டப்பா கேமரா கேள்வி கேட்டதற்குக்கூடப் பயந்திருக்கிறேன்.

ஆனால் அவர் காலைப் பார்க்க நான் பயந்தது — அதற்கு யாரைச் சொல்வது?

மேரி அக்கா கேமராவில் தேதியைச் சரியாக வைத்துக்கொடுத்தார். ரிமோட்டுக்குத் தனியாக செல் வாங்கிப் போட்டாயிற்று. பலகையில் இடம் இல்லை. இன்னொரு பலகை கொண்டுவந்திருக்கிறேன். நேற்று வரைக்கும் அதில் மூன்று ஸ்டிக்கர்.

கேமரா இப்போதும் சில நாள் ஏதாவது கேட்கிறது. உடனே அமுக்குவதில்லை. முதலில் அவர் காலைப் பார்க்கிறேன். பிறகுதான் ஓகே.